எடுத்துக் கொடுக்காத டீச்சர்

“பாக்கெட்டக் காட்டுல,” என்று வாசலிலேயே மறித்துக்கொண்டு நிற்கிறாள் ஈனிட் டீச்சர். கையில் எவர்சில்வர் தாம்பாளம். மறிக்கப்பட்டவனுக்கு ஐந்து வயது, பெயர் அனிருத். கால்சட்டைப் பையைப் பிதுக்கி வெளியே தள்ளுகிறான். இரண்டு புளியங்கொட்டை, ஒரு சோடா மூடி, எங்கேயோ கழன்ற ஒரு மரை, செத்துப்போன ஒரு பொன்வண்டு.

“வண்டுக்கு எத்தனை காலுல?”

“ஒண்ணு ஒடஞ்சு போச்சு டீச்சர்.”

“அது போக?”

அவன் வாயைப் பிளந்து யோசித்தபடியே உள்ளே போகிறான். அடுத்தவள் வருகிறாள். கவுனுக்குப் பை இல்லாத பெண்பிள்ளைகள் சாக்ஸுக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள். அதையும் உருவிப் பார்க்காமல் விடமாட்டாள். ஒன்பதரை மணிக்குள் தாம்பாளம் நிறைந்துவிடும். அன்றைக்குக் கணக்குப் பாடம் அதுதான். உருளுகிறது ஒரு பக்கம், உருளாதது ஒரு பக்கம். கனமானது இங்கே, லேசானது அங்கே. மூடி அதிகமா, கொட்டை அதிகமா? மத்தியானம் வீட்டுக்குப் போகும்போது எது யாருடையதோ அது அவரவர் பைக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு சோடா மூடி மாறிப்போனாலும் ஊரே அதிரும்படி சண்டை நடக்கும். அந்தச் சண்டையை அவள் தடுப்பதே கிடையாது. “கணக்கு தெரிஞ்சவன்தாம்ல சண்டை போடுவான்,” என்பாள்.

இது நடக்கிற இடம் புனேயில் கோந்த்வா பக்கம், நீலக் கேட் போட்ட ஒரு பங்களாவின் கீழ்த்தளம். பெயர்ப்பலகையில் என்னவோ நீளமாக எழுதியிருக்கிறது. ஆட்டோக்காரர்களுக்கு அது நீலக் கேட் நர்சரி. ஈனிட்டின் தாத்தா பாளையங்கோட்டையிலிருந்து கன்டோன்மென்ட் பக்கம் வேலைக்கு வந்தவர். ஈனிட் ஊரைப் பார்த்தது இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு அடக்கத்துக்கும்தான். ஆனால் நாக்கு மட்டும் இன்னும் பாளையங்கோட்டையில் வண்டியேறவில்லை. இங்கிலீஷில் பாடம் சொல்வாள், ஹிந்தியில் அதட்டுவாள், மராத்தியில் ஆயாவோடு வம்பு பேசுவாள். கொஞ்சுவதும் திட்டுவதும் தமிழில்தான். அதனால் என்ன ஆயிற்று என்றால், தமிழ் வாசனையே இல்லாத வீட்டுப் பிள்ளைகள்கூடக் காய்கறி வண்டிக்காரனைப் பார்த்து “ஏல, பல்லக் காட்டாத” என்கின்றன. அம்மாக்கள் அது ஏதோ பிரெஞ்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆள் நல்ல கனம். புடவைக்குக் கீழே பையன்கள் போடுகிற கான்வாஸ் ஷூ. அதையும் வகுப்புக்குள் கழற்றி அலமாரிக்குள் போட்டுவிட்டு, வெறுங்காலோடு பாயில் உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பிள்ளைகள் கை கொடுக்க வேண்டும். அவர்கள் இழுப்பார்கள், இவள் “ஏலேலோ” போடுவாள், நடுவில் மூவரும் மறுபடி விழுவார்கள். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதில் பிளாஸ்திரி சுற்றியிருக்கும். மாற்றச் சொன்னால், “இது வழியாவும் தெரியத்தான செய்யுது” என்று பதில் வரும்.

சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணத் தெரியும் என்று பெரியவர்கள் நம்புகிறார்களே, அதைப் பார்த்தால் ஈனிட்டுக்குச் சிரிப்பு அடங்காது. வீட்டுக்கு யார் வந்தாலும் பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்தி ஒன்று முதல் நூறு வரை சொல்லவைக்கிறார்கள். அது பாட்டு. எதிரே ஆறு கரண்டியைப் பரப்பிவைத்து எண்ணச் சொன்னால் பிள்ளை எட்டு என்னும். வாய் ஓடுகிற ஓட்டத்துக்கு விரல் ஓடவில்லை. “வாயி எக்ஸ்பிரஸ், வெரலு பாசஞ்சர். ரெண்டும் ஒரே தண்டவாளத்துல வாரதுக்கு வருஷம் ஆவும்,” என்பாள் ஈனிட்.

அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஐந்து பொத்தான்களை வரிசையாக வைத்து எண்ணின ஒரு குட்டி, நடுவில் இருந்த பொத்தானை டீச்சர் எடுத்துக்கொண்டதும், மிச்சத்தைத் தொட்டுத் தொட்டு “ஒன், டூ, ஃபோர், ஃபைவ்” என்று சொன்னாள். மூன்று என்னாயிற்று என்று கேட்டால், “அது உங்க கையில இருக்கு.” அவளைப் பொறுத்தவரை மூன்று என்பது அந்தப் பொத்தானின் பெயர். அவரவர் பெயர் அவரவரோடு போகும்தானே? இதில் என்ன தப்பு? அன்றைக்கு ஈனிட் அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவர் காபியில் கவனமாக இருந்தார்.

எழுத்துப் பாடம் இன்னும் மோசம். பென்சில், நோட்டு எல்லாம் தீபாவளிக்குப் பிறகுதான். அதுவரைக்கும் ஆளுக்கு ஒரு பழைய பெயின்ட் பிரஷ், ஒரு டப்பா தண்ணீர், காம்பவுண்டுச் சுவர். பிள்ளைகள் தோள் முழுக்க வீசி எழுதுவார்கள். வெயில் ஏறினால் ஒரு எழுத்து முடிவதற்குள் முந்தின எழுத்து காய்ந்துவிடும். காய்வதற்குள் பெயரை முடித்துவிட வேண்டும் என்று நாக்கைத் துருத்திக்கொண்டு ஓடுவார்கள். மத்தியானம் அம்மாக்கள் வந்து, எழுதினது எங்கே, நோட்டு காலியாக இருக்கிறதே என்று கேட்டால், “செவரு குடிச்சிட்டு,” என்று சொல்லிவிட்டுப் பிரஷ்களைக் கழுவப் போய்விடுவாள்.

இங்கிலீஷ் எழுத்துகளின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். யாரோ அவசரத்தில் மடித்துப்போட்ட கம்பிகள் மாதிரி இருக்கின்றன. ஒன்று வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. இன்னொன்று அதே வயிற்றைப் பின்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் நாற்காலிதான். கரண்டியை எந்தக் கையில் பிடித்தாலும் கரண்டிதான். எழுத்தை மட்டும் திருப்பினால் வேறு பெயராம். ஐந்து வயதுப் பிள்ளை இதை எதற்காக உடனே நம்ப வேண்டும்? நம்புகிற வரைக்கும் காத்திருப்பதுதான் டீச்சர் வேலை என்பது ஈனிட்டின் கட்சி.

காத்திருப்பது என்றால் சும்மா இல்லை. பிள்ளை பதில் தேடித் தடுமாறும்போது அவள் எடுத்துக் கொடுக்கவே மாட்டாள். கண்ணைக்கூடக் காட்டமாட்டாள். பிள்ளையின் உதடு அசையும், விரல் மடங்கும், கண் கூரைக்குப் போய்வரும். இவள் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிள்ளையைக் கொண்டுவிட வந்த தாய் ஜன்னல் வழியாக “செவன் சொல்லுடீ, செவன்” என்று கிசுகிசுத்தால் போச்சு. “எம்மா, ஒங்களுக்கு அட்மிஷன் வேணும்னா ஆபீஸ்ல கேளுங்க” என்று அங்கேயே அனுப்பிவைத்துவிடுவாள். எடுத்துக் கொடுத்த பதில் பிள்ளையின் பதில் இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிவந்த குழம்பு என்பது அவள் வாதம். நல்ல குழம்பாகவே இருந்தாலும், நாளைக்கு மறுபடி அந்த வீட்டு வாசலில் போய் நிற்கத்தானே வேண்டும்?

இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது விச்சு. சாகண் பக்கம் கார்த் தொழிற்சாலையில் இன்ஜினியர். மகள் சுப்ரஜா ஈனிட்டின் வகுப்பில் படிக்கிறாள். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறுகிறவர், ஒரு சனிக்கிழமை ஓய்வாக இருந்தபோது மகளை நூறு வரை எழுதச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவள் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டிருக்கிறாள். எதற்கு என்றால் சுவரில் எழுத. திங்கட்கிழமை நேராக நர்சரிக்கு வந்துவிட்டார்.

“டீச்சர், பக்கத்து ஃப்ளாட் பையன் எரநூறு வரைக்கும் எழுதறான். இவ பாதி மூணத் திருப்பிப் போடறா. ஜூன்ல பெரிய ஸ்கூல் போகணுமே?”

“மூணு எங்கயும் ஓடிராது சார். நூறுல என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியணும்லா?”

“நூறுல என்ன இருக்கும்? நூறுதான் இருக்கும்!”

“அப்போ ஒங்களுக்கும் தெரியல,” என்றாள் ஈனிட், ரொம்பப் பிரியமாக.

அவர் பிரியத்தை எடுத்துக்கொள்ளவில்லை. புகாரை நர்சரியின் முதலாளியம்மாள் தாமலே மேடத்திடம் கொண்டுபோனார். மேடம் கெட்டவள் இல்லை. பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் மனப்பாடம். ஆனால் பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த நர்சரிக்காரன் சுவர் அளவுக்குத் தொடுதிரை மாட்டிவிட்டதிலிருந்து அவளுக்கு ராத்தூக்கம் சரியில்லை. ஈனிட்டைக் கூப்பிட்டு மராத்தியில் சொன்னாள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கிற நாள். உன் பிள்ளைகள் எல்லார் முன்னாலும் வாசித்து, கணக்குக்குச் சரியாகப் பதில் சொன்னால் வகுப்பு உனக்கு. சொதப்பினால் ஜூனிலிருந்து வகுப்பு வேறு ஆளுக்கு, நீ பின்கட்டில் தொட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் ஈனிட் உருளைக்கிழங்கை உரித்த உரியில் பாதி கிழங்கு தோலோடு போயிற்று. அவள் புருஷன் சிரில், ஓய்வு பெற்ற ஆபீஸ் குமாஸ்தா, செய்தித்தாளை மடித்துவைத்தார். அவர் மடித்துவைத்தால் பேசப்போகிறார் என்று அர்த்தம்.

“நீ என்னத்துக்குக் கெடந்து துள்ளுத? ஒரு நாளு தான? ரெண்டு கணக்க சொல்லிக்குடுத்து ஒப்பிக்க வச்சிரு. அந்தம்மா கேக்குறது நாடகம். போட்டுத் தொலையேன்.”

“நாடகம் போட நான் எதுக்குங்க? சர்ச்சுல கிறிஸ்மஸுக்குப் போடுதாவல்லா, அவியளக் கூப்பிடச் சொல்லுங்க.”

“தொட்டில் பிள்ளையும் பிள்ளைதான?”

“அதுக தூங்குமே! நான் யாரோட சண்டை போடுவேன்?”

சிரில் செய்தித்தாளை மறுபடி விரித்தார். முப்பது வருஷத்தில் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான் என்று அவரே சொல்லுவார். ஆனாலும் அவள் ராத்திரி ஜெபத்தில் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டதைக் கவனித்தார்.

வியாழக்கிழமை ஈனிட் இறங்கித்தான் பார்த்தாள். அதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று பெரிய படப்புத்தகத்தை எடுத்து அனிருத் கையில் கொடுத்தாள். பையன் எழுந்து நின்று, தங்குதடையில்லாமல், பூனை பேசுகிற இடத்தில் பூனைக் குரலும் நாய் வருகிற இடத்தில் நாய்க் குரலுமாக, பக்கத்தைச் சரியாகத் திருப்பித் திருப்பி வாசித்து முடித்தான். ஒரு வார்த்தை பிசகவில்லை. புத்தகம் மட்டும் தலைகீழாக இருந்தது.

ஈனிட் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிள்ளைகளும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, இப்படியே நாளைக்கு வாசிக்கவிட்டால் மேடமும் பெற்றோரும் கைதட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. புத்தகத்தை நேராகப் பிடிக்க மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும், வகுப்பு தப்பித்துவிடும். கொஞ்ச நேரம் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அதை மூடி அலமாரிக்கு மேலே, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் போட்டுவிட்டாள். “வாங்கல, வெளிய போயி செவருக்குத் தண்ணி காட்டுவோம்” என்றாள். ஒத்திகை அதோடு சரி.

வெள்ளிக்கிழமை பெற்றோர் முதலில் பக்கத்து வகுப்புக்குப் போனார்கள். அந்த வகுப்பு மிஸ் சாமர்த்தியசாலி. பிள்ளைகளோடு ஜாடை பேசிவைத்திருந்தாள். காதைச் சொறிந்தால் ஐந்து, மூக்கைத் தொட்டால் எட்டு, சங்கிலியைத் திருகினால் ஒன்பது. கேள்விக்குக் கேள்வி பதில் வந்து விழுந்தது. மேடத்துக்குப் பூரிப்பு. கடைசியில் ஆசையாக ஒரு பொடியனைப் பார்த்து, “உன் பெயர் என்ன பேட்டா?” என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து மிஸ்ஸின் காதில் ஒரு கொசு கடித்தது. பொடியன் மார்பை நிமிர்த்தி, “ஃபைவ்” என்றான். அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு ஈனிட்டின் வகுப்பு. தரையெல்லாம் பாய் என்பதால் பெற்றோர் வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். விச்சுவின் சாக்ஸ் கட்டைவிரலில் ஓட்டை. ஒரு காலால் அதை மறைத்துக்கொண்டிருந்தார். கடைசியாகத் தாமலே மேடம் பட்டுப்புடவை சரசரக்க வந்து ஓரமாக நின்றாள். பாயில் அவள் நடந்தபோது டக், டக் என்று அமுங்கின சத்தம் கேட்டது. முதலாளி யாருக்காகவும் செருப்பைக் கழற்றவில்லை, புடவைக் கரை அதை மூடியிருந்தது. அந்தச் சத்தம் ஈனிட்டின் காதிலும் விழுந்தது.

வாசிப்பு ஒருமாதிரி நடந்தது. ஒரு பெண் பலகையில் இருந்த நாலு வார்த்தையை வாசிக்க நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். மேடம் கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு ஈனிட்டைப் பார்த்தாள்.

“சுப்ரஜா,” என்று ஈனிட் கூப்பிட்டாள். “வாசல்ல கெடக்குற பெரிய செருப்ப மட்டும் பாத்துட்டு வா. டீச்சர விட்டுட்டு, உள்ள எத்தன பெரியவங்க இருக்காங்கன்னு சொல்லு.”

விச்சு நெளிந்தார். மேடம், எங்கே போயிற்று ஒன்றும் ஒன்றும் இரண்டு என்கிற மாதிரி விழித்தாள். சுப்ரஜா வராந்தாவுக்குப் போனாள். திறந்த கதவு வழியாக எல்லாரும் பார்த்தார்கள். குவிந்து கிடந்த செருப்புகளை அவள் ஒவ்வொன்றாக ஜோடி சேர்த்தாள். அப்பாவின் ஒரு ஷூ பெஞ்சுக்கு அடியில் போயிருந்தது. குப்புறப் படுத்து அதை இழுத்து வந்து மற்றதன் பக்கத்தில் வைத்தாள். ஜோடிக்கு ஒரு தட்டு தட்டி எண்ணினாள். உள்ளே வந்து, “எட்டு” என்றாள்.

கைதட்டல் எழும்பியது. விச்சுவுக்குச் சாக்ஸ் ஓட்டை மறந்துபோயிற்று. மேடம் முகத்தில் ரத்தம் திரும்பி, அவளே பலமாகத் தட்டினாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வகுப்பு கையில் நின்றிருக்கும், ஜூனும் பத்திரமாக வந்திருக்கும். நிறுத்துகிற பிறவியா அது?

“சரிதானான்னு பாரு,” என்றாள் ஈனிட். “ஆள எண்ணு.”

சுப்ரஜா ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டு போனாள். பெரியவர்கள் குனிந்து கொடுத்தார்கள். கடைசியில் மேடத்தின் தலை எட்டாமல் முழங்கையைத் தொட்டாள். நின்றாள். புருவம் சுருங்கியது. திரும்பிப் போய் முதலிலிருந்து தொட்டாள்.

“டீச்சர், ஒம்பது வர்றது. ஒண்ணு ஜாஸ்தி.”

“ஆமா. ஏன்?”

சுப்ரஜா வாசலைப் பார்த்தாள், ஆட்களைப் பார்த்தாள். உதடு அசைந்தது. எங்கேயோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு தாய் பெருமூச்சு விட்டாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. வந்தவர்கள் முகத்தில் இருந்த மகிழ்ச்சி, ஆறின டீ மாதிரி ஆடை கட்டத் தொடங்கியது. மேடத்துக்குப் பொறுக்கவில்லை. ஈனிட்டின் தோளுக்குப் பக்கத்தில் வந்து, குனிந்து, சிரித்த முகத்தை மாற்றாமல், “நைன் சொல்லிடு பேட்டா. நைன், போதும், நை…” என்றாள்.

ஈனிட்டின் வலது கை எழுந்து போய் மேடத்தின் வாயைப் பொத்தியது.

யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. கண் சுப்ரஜாமேலேயே இருந்தது. ஈரக் கையால் அடுப்பில் பொங்கும் பாலை இறக்குகிற மாதிரி, கை பாட்டுக்குப் போய்விட்டது. பெற்றோர் சிலையானார்கள். எடுத்துக் கொடுக்கப் பாதி திறந்திருந்த விச்சுவின் வாய் தானாக மூடிக்கொண்டது. மேடத்தின் கண்கள் அந்தக் கைக்கு மேலே வட்டமாக விரிந்து, ஜூன் மாதத்தையும் பின்கட்டையும் தொட்டில்களையும் தெளிவாகச் சொல்லின. ஈனிட் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சுப்ரஜா யாரையும் கவனிக்கவில்லை. சட்டென்று நான்கு காலில் குனிந்தாள். தலைகளை விட்டுவிட்டுப் பாதங்களைப் பார்க்கத் தொடங்கினாள். மெட்டி போட்ட பாதம், பித்தவெடிப்புப் பாதம், நகப்பூச்சு உரிந்த பாதம், அப்பாவின் கட்டைவிரல். நாற்காலிக் கால்களுக்கு நடுவே ஊர்ந்து ஊர்ந்து, பட்டுப்புடவைக் கரைக்கு முன்னால் வந்து நின்றாள். அங்கே பாதம் தெரியவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

ஒரு அங்குலம் போதும். அந்தக் கரையை யாராவது சற்றே தூக்கிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். ஈனிட்டின் இடது கை கரையை நோக்கி நீண்டது. நீண்ட கையை அவளே இழுத்து, முதுகுக்குப் பின்னால் மடக்கி, தன் முந்தானையை அதற்குள் திணித்து இறுக்கிக்கொண்டாள். வலது கை மேடத்தின் வாயைவிட்டு நகரவில்லை.